கீழ் வகுப்புக்கு எவ்வளவு வீட்டு வேலை? நான்கு வழிகளும் ஒரு மணிக்கூடும்

முதலாம் தவணைப் பெற்றோர் கூட்டத்தில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு முறைப்பாடுகள் ஒரே மண்டபத்தில் எழும். "கொப்பி வெறுமையாக் கிடக்கு, ரீச்சர் ஒண்டும் குடுக்கிறேல்லையே" என்பார் 2ஏ வகுப்புப் பிள்ளையின் தாய். "இரவு ஒன்பது மணி மட்டும் எழுதுது, கை நோகுதெண்டு அழுது" என்பார் 2பி வகுப்புப் பிள்ளையின் தகப்பன். இரண்டு ரீச்சர்மாரும் நல்லவர்கள்தான். எவ்வளவு கொடுப்பது என்று பாடசாலைக்குள் யாரும் பேசி முடிவெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

திருகோணமலை நகரிலும் சுற்றுப்புறத்திலும் 1 முதல் 4 ஆம் தரம் வரை பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கும், அந்த வகுப்புகளைப் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த ஒப்பீடு. 5 ஆம் தரத்தின் வியாதி வேறு. அதற்குத் தனியாக ஒரு இடம் கீழே உண்டு.

நடைமுறையில் இருக்கும் வழிகள் நான்கு: ஒன்றுமே கொடுக்காதது, வாசிப்பு மட்டும், தரத்துக்குப் பத்து நிமிடம், ஒரு மணி நேரமும் அதற்கு மேலும். இவற்றை எடை போட முன்னர் எதை வைத்து எடை போடுவது என்று தீர்மானிக்க வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

பிள்ளை தனியே செய்யுமா? ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால்தான் முடியும் என்றால், அந்த வேலை அந்தப் பெரியவருக்குக் கொடுக்கப்பட்டது. மட்டை வெட்டி வீடு செய்தல், இணையத்தில் படம் எடுத்து அச்சடித்து ஒட்டுதல், ஏழு வயதில் "எனது கிராமம்" பற்றிப் பத்து வசனம் எல்லாம் இந்த வகை. மறுநாள் வகுப்புச் சுவரில் தொங்குவது எந்த வீட்டு அக்காவின் கைவண்ணம் என்று ரீச்சருக்கும் தெரியும்.

பக்கக் கணக்கா, நிமிடக் கணக்கா? "இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வா" என்பது எல்லாருக்கும் ஒரே அளவு போலத் தோன்றும். ஆனால் ஒரே வகுப்பில் கை ஓடுகிற பிள்ளைக்கு அது 12 நிமிடம். எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வரைகிற பிள்ளைக்கு 45. பின்னடைந்த பிள்ளைதான் அதிக நேரம் இருந்து எழுதுகிறது, அதற்குத்தான் எழுத்து வெறுத்துப் போகிறது. ஆகவே இங்கே எல்லாம் நிமிடக் கணக்கு. பையைத் திறந்ததிலிருந்து மூடும் வரை எண்ணுங்கள். பென்சில் சீவுவதும் அழிறப்பர் தேடுவதும் உட்பட.

திருத்தப்படுமா? 35 பிள்ளைகள், மூன்று பாடம் என்றால் 105 கொப்பிகள். ஒரு கொப்பிக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஒன்றே முக்கால் மணி நேரம். எந்த ஆசிரியருக்கும் அது முடியாது. எனவே வாசிக்காமலேயே ஒரு சரி விழும். 'கண்' என்பதைக் 'கன்' என்று இருபது தரம் எழுதி அதற்கும் சரி வாங்கிய பிள்ளைக்கு அந்தப் பிழை கையில் படிந்துவிடும். திருத்த முடியாத வேலையைக் கொடுக்காமல் விடுவது அதைக் கொடுப்பதை விட நல்லது.

எதைத் தள்ளிவிட்டு வருகிறது? இதுதான் பலர் போடாத கணக்கு. 6 முதல் 12 வயது வரையான பிள்ளைக்கு நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்பது உறக்க மருத்துவர்களின் பரிந்துரை. 5 வயதுக்கு மேல் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு வியர்க்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாடசாலை காலை 7.30 மணிக்கு. நிலாவெளியிலிருந்தோ தம்பலகாமத்திலிருந்தோ வானில் வருகிற பிள்ளை 5.30க்கு எழும்ப வேண்டும் என்றால், குறைந்த கணக்கான 9 மணி நேரத்துக்கே இரவு 8.30க்குத் தூங்கியிருக்க வேண்டும். அதற்கு 7.45க்குச் சாப்பாடு. மத்தியானம் வீடு வந்து சாப்பிட்டால் 3.30 வரை வெயில் யாரையும் கொப்பியோடு இருக்க விடாது. 4 முதல் 6 வரை விளையாட்டு. கிண்ணியாவிலும் மூதூரிலும் ஜமாலியாவிலும் பல பிள்ளைகளுக்கு அந்த நேரம் மதரஸா. விளக்கு வைத்து, முகம் கழுவி இருக்க 6.30. மிஞ்சுவது 75 நிமிடம். தொலைக்காட்சி, தம்பியோடு சண்டை, வெளிநாட்டிலிருந்து அப்பா எடுக்கும் அழைப்பு எல்லாம் அதற்குள்தான். கொப்பிக்கு அரை மணி நேரம் போனாலே அது பெரிய பங்கு.

காசு. கொப்பி, போட்டோ கொப்பி, வாட்ஸ்அப்பில் வரும் செயலட்டையை அச்சடிக்கும் செலவு, டேட்டா. தனித்தனியே சிறிது; மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் மாத முடிவில் சிறிதல்ல.

## ஆய்வுகள் எங்கே நிற்கின்றன

வீட்டு வேலை பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் ஹரிஸ் கூப்பர். 1989 இல் அவர் வெளியிட்ட தொகுப்பில், 4 முதல் 6 ஆம் தரம் வரை வீட்டு வேலையால் கிடைத்த பயன் மிகச் சிறியது. 7 முதல் 9 வரை அதன் இரண்டு மடங்கு, 10 முதல் 12 வரை நான்கு மடங்கு. 2006 இல் அவரும் சகாக்களும் பின்வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் கீழ் வகுப்புகளில் தொடர்பு மெலிந்தே இருந்தது. 1989 தொகுப்பின் கீழ்ப்படியே 4 ஆம் தரம் என்பதைக் கவனியுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு மணி நேர எழுத்து வேலை நன்மை தரும் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

அரசுகளும் இதைக் கையில் எடுத்திருக்கின்றன. சீனா 2021 யூலையில் 1, 2 ஆம் தரங்களுக்கு எழுத்து வீட்டு வேலையை நிறுத்தி, 3 முதல் 6 வரை சராசரியாக 60 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்றது. இந்தியாவில் 2018 இல் சென்னை உயர் நீதிமன்றம் 1, 2 ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் வேண்டாம் என்று உத்தரவிட்டது. 2020 இல் வந்த பாடசாலைப் பைக் கொள்கை 3 முதல் 5 வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று எல்லை போட்டது. நாளுக்கு அல்ல, வாரத்துக்கு.

## வழி 1: வீட்டு வேலையே இல்லை

பிள்ளை தூங்கும், ஓடியாடும், பை பாரம் குறையும், ஆசிரியருக்குத் திருத்தச் சுமை இல்லை. இதன் மறைந்த செலவு வேறு இடத்தில் இருக்கிறது: வெறுங் கொப்பியைக் கண்டு பயந்த பெற்றோர் அடுத்த வாரமே பிள்ளையை மாலை வகுப்பில் கொண்டுபோய் விடுவார்கள். பாடசாலை எடுத்துவிட்ட இருபது நிமிடம், ஒன்றரை மணி நேர ரியூசனாகத் திரும்பி வரும். கதைப் புத்தகம் உள்ள வீட்டில் பிள்ளை எப்படியும் வாசிக்கும். பாடநூலைத் தவிர அச்சடித்த தாளே இல்லாத வீட்டில் அந்த மாலை வெறுமையாகவே போகும். ஆகவே ஒன்றுமில்லை என்ற வழி எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி இறங்குவதில்லை.

இது சரியாகப் பொருந்தும் இடங்கள் உண்டு. 1 ஆம் தரத்தின் முதல் தவணை ஒன்று: முதல் வாரங்கள் பிள்ளையை இனங்காணும் செயற்பாடுகளுக்கே போகும், பென்சில் பிடியே இன்னும் இறுகவில்லை. கார்த்திகை, மார்கழி வெள்ளக் காலத்தில் வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பக்கம் பாடசாலை விட்டு விட்டு நடக்கும் வாரங்கள் இன்னொன்று. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று தரங்களைச் சேர்த்து எடுக்கும் சிறு பாடசாலைகளையும் சேர்க்கலாம். அங்கே திருத்த ஆளில்லை.

இந்த வழியை எடுத்தால் பெற்றோருக்கு மாற்று வேலை சொல்லிக் கொடுக்க வேண்டும். அரிசியைச் சுண்டால் அளந்து போடுவது, கடையில் மிச்சக் காசு எண்ணி வாங்குவது, வாங்கி வந்த மீன் கூறில் எத்தனை மீன், ஆளுக்கு எத்தனை என்று பிரிப்பது. இதற்குக் கொப்பி தேவையில்லை. எண் உணர்வு இதிலும் வளரும்.

## வழி 2: வாசிப்பு மட்டும், நாளுக்கு 10 முதல் 15 நிமிடம்

1, 2 ஆம் தரங்களுக்கு எமது தெரிவு இதுதான். காரணம் தமிழுக்கே உரியது. எமது பிள்ளை வீட்டில் "நான் போறன்" என்று பேசுகிறது. பாடநூலில் "நான் செல்கின்றேன்" என்று இருக்கிறது. எழுத்துத் தமிழ் அதன் காதுக்குப் பாதி அந்நியம். எழுத்துகளைக் கூட்டி வாசிக்கத் தெரிந்த பிறகும் வசனம் விளங்காமல் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். அந்த நடையைச் சத்தமாக வாசித்துத் தன் காதாலேயே கேட்டால்தான் அது பழகும். அதே வசனத்தை ஐந்து தரம் பார்த்தெழுதினால் காதுக்கு ஒன்றும் போகாது. கை மட்டும் ஓடும்.

செய்யும் முறை:

1. முதலில், வகுப்பில் ஏற்கெனவே படித்த பாடம் ஒன்று. புதிய பாடத்தை வீட்டில் தொடங்க வேண்டாம்.
2. பிள்ளை வரியின் கீழே விரலை நகர்த்திச் சத்தமாக வாசிக்கட்டும். தடக்கினால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அதற்குள் வராவிட்டால் சொல்லைச் சொல்லிக் கொடுத்து நகருங்கள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டச் சொல்லி மறிக்க வேண்டாம். வசனத்தின் பொருள் அறுந்துவிடும்.
3. அதே பகுதியை மூன்று மாலை வாசிக்க வேண்டும். முதல் நாள் தடக்கும், மூன்றாம் நாள் ஓடும். பிள்ளைக்கே அந்த வித்தியாசம் கேட்கும்.
4. கதைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடக்கினால் அது இப்போதைக்குக் கடினம். அதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், பிள்ளை கேட்கட்டும்.
5. முடிவில் ஒரே ஒரு கேள்வி: "பிறகு என்ன நடந்தது?" ஐந்து கேள்வி கேட்டால் அது பரீட்சை.
6. ஒரு மட்டையில் திகதி, பக்கம், கேட்டவரின் கையொப்பம்.

கேட்பவருக்கு வாசிக்கத் தெரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை. தாய் வெளிநாட்டில், அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள் இங்கே குறைவில்லை. அம்மம்மா பாக்கு வெட்டிக்கொண்டு கேட்கலாம். கதை விளங்கியதா இல்லையா என்பதை அவரை விட நன்றாகச் சொல்ல ஆளில்லை. கையொப்பத்துக்குப் பதிலாக ஒரு புள்ளி போதும்.

இது எங்கே பழுதாகும் என்றால், முதலாவது மனப்பாடம். இரண்டாம் வாரத்தில் பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டே பாடத்தை 'வாசிக்கும்'. பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து "இது என்ன?" என்று கேளுங்கள், அல்லது கடைசி வரியிலிருந்து மேலே வரச் சொல்லுங்கள். இரண்டாவது, வெள்ளிக்கிழமை காலையில் ஐந்து நாளுக்கும் சேர்த்துப் போடப்படும் கையொப்பம். இதற்கு ஆசிரியரிடம் மருந்து உண்டு: 35 பேர் வகுப்பில் நாளுக்கு ஏழு பேர், ஆளுக்கு ஒரு நிமிடம், மட்டையில் உள்ள பக்கத்தை வாசிக்கக் கேட்டால் வாரத்தில் வகுப்பு முழுவதையும் கேட்டாயிற்று. ஏழு நிமிடத்தில் முடியும் திருத்தல் வேறு எந்த வீட்டு வேலைக்கும் கிடையாது.

மூன்றாவது குறை, கணிதத்துக்கு இதில் எதுவும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள், ஐந்து நிமிடம் வாயால் கணக்குக் கேட்டால் போதும்: "பன்னிரண்டுக்கு முன்னால என்ன? ஏழோட என்னத்தக் கூட்டினாப் பத்து?"

பணச் செலவு அநேகமாக இல்லை. பாடநூல் இலவசம், பொது நூலகத்தில் சிறுவர் பகுதி உண்டு, ஞாயிற்றுப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தை வெட்டி வைக்கலாம். உண்மையான செலவு பெரியவர் ஒருவரின் பத்து நிமிடம், அதுவும் ஒவ்வொரு நாளும். கடையோ வலையோ வைத்திருக்கும் வீட்டில் அது சிறிய செலவல்ல.

## வழி 3: தரத்துக்குப் பத்து நிமிடம்

1 ஆம் தரத்துக்கு 10, 2க்கு 20, 3க்கு 30, 4க்கு 40. அமெரிக்க ஆசிரியர் சங்கமும் பெற்றோர்-ஆசிரியர் சங்கமும் ஆதரித்த, கூப்பரும் எடுத்துச் சொன்ன விதி இது. நினைவில் நிற்கும், கூட்டத்தில் யாருக்கும் விளங்கும்; அது அதன் பெரிய பலம்.

பலர் மறப்பது: இது எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து ஒரு மாலைக்குரிய மொத்தம். எமது கீழ் வகுப்புகளில் தமிழ், கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பெரும்பாலும் வகுப்பாசிரியரிடம். ஆங்கிலம், இரண்டாம் மொழி, சமயம் வேறு ஆட்களிடம் இருக்கலாம். நால்வரும் தனித்தனியே "சின்ன வேலைதானே" என்று கொடுத்தால் 3 ஆம் தரப் பிள்ளைக்கு ஒரே மாலையில் ஒன்றரை மணி நேரம் சேர்ந்துவிடும். கரும்பலகையின் ஒரு மூலையில் சிறு கட்டம் கீறி, கொடுப்பவர் பாடத்தையும் நிமிடத்தையும் எழுத வேண்டும். மொத்தம் 30 ஆனதும் அன்றைக்குக் கட்டம் மூடப்படும். அதைப் பார்த்துக்கொள்வது வகுப்பாசிரியரின் பொறுப்பு.

நிமிடத்தை மதிப்பிடுவது எப்படி? வீட்டுக்குக் கொடுக்க நினைக்கும் அதே வகை வேலையை முதலில் வகுப்பில் கொடுங்கள். பத்துக் கணக்கை வகுப்பின் நடுத்தரப் பிள்ளை 8 நிமிடத்தில் முடித்தால், வீட்டில் அதற்கு 15 நிமிடம் வையுங்கள். வீட்டில் நடமாட்டமும் சத்தமும் உண்டு, பக்கத்தில் பார்த்துப் பின்தொடர ஆளில்லை. 15 நிமிடத்துக்கு மேல் இழுத்தால் கணக்கு ஐந்தாகட்டும்.

3 ஆம் தரத்தின் 30 நிமிடம் இப்படி இருக்கலாம்:

- வாசிப்பு 10 நிமிடம், மேலே சொன்ன முறையில்.
- கணிதம் 10 நிமிடம், ஆறு கணக்கு: இன்று படித்ததில் மூன்று, போன வாரத்தில் இரண்டு, போன மாதத்தில் ஒன்று. அந்தக் கடைசி ஒன்றுதான் மறதியைப் பிடித்துக் காட்டும்.
- எழுத்து 10 நிமிடம்: சொல்வதெழுதலுக்கு ஐந்து சொல், சொந்தமாக இரண்டு வசனம். பார்த்தெழுதல் வேண்டாம்.

சொற்களைத் தெரிவுசெய்யும்போது ல-ள-ழ, ர-ற, ன-ண-ந குழப்பம் உள்ளவற்றில் ஒரே நாளில் ஒரு சோடியை மட்டும் எடுங்கள். மூன்று குழப்பத்தையும் ஒரே பட்டியலில் போட்டால் பிள்ளைக்கு எதுவும் ஒட்டாது.

ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் எழுத்து வேலை வீட்டுக்குப் போக வேண்டாம் என்பது எமது கருத்து. வீட்டில் திருத்தத் தெரிந்தவர் இல்லாத பிள்ளை பிழையைத்தான் பழகும். வகுப்பில் வாயால் பழகிய ஐந்து சொல்லை வீட்டில் சொல்லிக் காட்டுவது போதும்.

திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள். வெள்ளி வீட்டு வேலைக்கு ஓய்வு, அன்று ஜும்ஆ, கோயில், பயணம் எல்லாம் உண்டு, ஞாயிறு காலை அறநெறி வகுப்பு. 4 ஆம் தரத்துக்கு 40 நிமிடம் என்பதை உச்ச வரம்பாகக் கொள்ளுங்கள். 25 நிமிடத்தில் முடித்த பிள்ளைக்கு மிச்சத்தை நிரப்ப வேலை தேட வேண்டாம். 2 ஆம் தரத்தில் 20 நிமிடமும் எழுத்தாக இருந்தால் அது அதிகம். பத்து வாசிப்பு, ஐந்து எழுத்து, அதோடு மூடலாம்.

இதன் ஒரு கிளை வாரத் தாள்: திங்கள் கொடுத்து வெள்ளி வாங்குவது. தகப்பன் இரவுத் தொழிலுக்குப் போகும் திருக்கடலூர் போன்ற கரையோர வீடுகளுக்கும், முறை மாறி வேலை செய்யும் பெற்றோருக்கும் இது வசதி. ஆனால் முழுவதும் வியாழன் இரவில் வந்து குவியும். தாளை நாளுக்கு ஒரு கட்டமாகப் பிரித்து, முடித்த கட்டத்துக்கு அன்றன்று நிறம் தீட்டச் சொன்னால் ஓரளவு தடுக்கலாம்.

## வழி 4: ஒரு மணி நேரமும் அதற்கு மேலும்

பாடசாலை கொடுப்பதும் ரியூசனும் சேர்ந்து இந்த அளவு வருகிறது. ரியூசனைத் தனிக் கணக்கில் வைக்காதீர்கள். வாரம் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம் என்றால் நாலரை மணி நேரம். இந்தியாவின் 3 முதல் 5 ஆம் வகுப்பு வரம்பின் இரண்டு மடங்குக்கும் அதிகம். அதற்கு மேல் பாடசாலைக் கொப்பி.

இதை ஆதரிப்போர் சொல்வது ஒன்றுதான்: புலமைப்பரிசில். ஆகவே அதையே பார்ப்போம். 5 ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை இரண்டு வேலைகள் செய்கிறது: வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப்பணம், 6 ஆம் தரத்தில் வேறு பாடசாலைக்கு இடம். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. 13 ஆம் தரம் வரை உள்ள பாடசாலையில் முதலாம் தரத்திலிருந்தே படிக்கும் பிள்ளை, அங்கேயே தொடர விரும்பினால், உதவிப்பணமும் தேவைப்படாத வீடாக இருந்தால், அந்தப் பரீட்சையில் அதற்குப் புகழைத் தவிர அதிகம் இல்லை. 5 ஆம் தரத்தோடு முடியும் கிராமத்துச் சிறு பாடசாலைப் பிள்ளைக்கு நிலைமை வேறு: எப்படியும் பாடசாலை மாற வேண்டும், நல்ல புள்ளி உண்மையாகவே வாசலைத் திறக்கும். அந்த வீடு 5 ஆம் தரத்தில் மாலைக்கு ஒரு மணி நேரம் செலவழிப்பது நியாயம்.

3 ஆம் தரத்திலேயே தொடங்குவதுதான் நியாயமில்லாதது. வினாத்தாளில் பிள்ளை தோற்கும் இடம் பெரும்பாலும் வினாவை வாசித்து விளங்கும் இடம். நீண்ட வினாவைப் பாதியில் விட்டு, தெரிந்த சொல்லைக் கண்டதும் விடையில் பாயும் பழக்கத்தைக் கடந்தகால வினாத்தாள்களை எட்டு வயதில் குவித்து மாற்ற முடியாது. வாசிப்பால் மாற்றலாம்.

மறைந்த செலவுகள் நிறைய. கட்டணம், வான், போட்டோ கொப்பி என்பவை வெளியே தெரிபவை. தெரியாதவை: அவசரத்தில் கெட்டுப்போகும் கையெழுத்து, வழிகாட்டிப் புத்தகத்தின் விடையைப் பார்த்தெழுதும் பழக்கம், ரியூசனில் எப்படியும் சொல்லித் தருவார்கள் என்று வகுப்பில் கவனிக்காமல் இருப்பது, மணலில் ஓடியாட வேண்டிய மாலைகள். தாய்க்கும் பிள்ளைக்கும் தினமும் சண்டை வருவதையும் செலவில் சேர்க்க வேண்டும். அடி வாங்கிக்கொண்டு படித்த வாய்ப்பாட்டைப் பிள்ளை மறக்காமல் இருக்கலாம். கணிதத்தைக் கண்டால் கை வியர்ப்பதையும் மறக்காது.

## ஒரே பார்வையில்

| | ஒன்றுமில்லை | வாசிப்பு மட்டும் | தரத்துக்குப் பத்து நிமிடம் | ஒரு மணி+ |
|---|---|---|---|---|
| தனியே செய்யுமா | பொருந்தாது | கேட்க ஒருவர் போதும் | சரியாக அளந்தால் ஆம் | பெரும்பாலும் இல்லை |
| ஆசிரியரின் சுமை | இல்லை | நாளுக்கு சுமார் 7 நிமிடம் | நடுத்தரம் | திருத்த முடியாது |
| தூக்கம், விளையாட்டு | முழுவதும் மிஞ்சும் | மிஞ்சும் | 4 ஆம் தரத்தில் சற்றுக் குறையும் | முதலில் போவது இதுதான் |
| காசு | இல்லை (ரியூசன் வராவிட்டால்) | மிகச் சிறிது | கொப்பி, தாள் | கட்டணம், வான், அச்சு |
| முக்கிய ஆபத்து | வெறுமையை ரியூசன் நிரப்பும் | மனப்பாடம், பொய்க் கையொப்பம் | பல ஆசிரியர் சேர்ந்து மீறுவது | பார்த்தெழுதல், வெறுப்பு |
| பொருந்தும் இடம் | 1 ஆம் தர முதல் தவணை, வெள்ளக் காலம் | 1, 2 ஆம் தரம். வாசிப்பில் பின்னடைந்த 3, 4 | 3, 4 ஆம் தரம் | 5 ஆம் தரம், சில வீடுகள் மட்டும் |

பாடசாலை ஒரே விதியைத்தான் எடுக்க முடியும் என்றால்: 1, 2க்கு வாசிப்பு, 3, 4க்கு வாசிப்பை உள்ளடக்கிய தரத்துக்குப் பத்து நிமிடம், வாரம் நான்கு நாள். 3 ஆம் தரத்திலும் தடக்கித் தடக்கி வாசிக்கும் பிள்ளைக்கு எழுத்து வேலையை நிறுத்திவிட்டு ஒரு தவணைக்கு வாசிப்பு மட்டும். இதில் மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம் ஒன்றுமில்லை. பின்னடைந்த பிள்ளைக்கு இரட்டிப்பு எழுத்து வேலை கொடுப்பதுதான் வழமையாக நடக்கும் அநியாயம்.

## பாடசாலை ஏற்கெனவே அதிகம் கொடுத்தால்

கூட்டத்தில் சண்டை பிடிக்க முன்னர் இரண்டு வாரம் இதைச் செய்யுங்கள். மணிக்கூட்டை மேசையில் வைத்து, தரத்துக்குரிய நிமிடம் முடிந்ததும் கொப்பியில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மிச்சத்தை நீங்கள் செய்து கொடுக்க வேண்டாம், அக்காவும் வேண்டாம். நீங்கள் நிரப்பினால் அளவு சரி என்றே ஆசிரியர் நினைப்பார், அடுத்த நாளும் அதே அளவு வரும். கோட்டுக்குக் கீழே ஒரு குறிப்பு:

"வணக்கம் ரீச்சர். நேற்று 6.35 இலிருந்து 7.05 வரை செய்தவ. கோடு வரைக்கும் தானாகச் செய்தது. நாலாவது கணக்கில் பத்தை உடைச்சுக் கழிக்கிறது விளங்கேல்லை."

கடைசி வசனம்தான் முக்கியம். "வேலை கூட" என்றால் முறைப்பாடு. எங்கே தடக்கியது என்று சொன்னால் ஆசிரியருக்கு அது பயன்படும் தகவல். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இதைப் போடாதீர்கள். கொப்பியில் எழுதினால் இருவருக்குள் இருக்கும். குழுவில் போட்டால் அந்த ஆசிரியர் நாற்பது பேர் முன்னால் பதில் சொல்ல வேண்டி வரும், பிறகு எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

இரண்டு வாரக் கோடுகளைப் பாருங்கள். வகுப்பில் பலருக்கும் கோடு பாதியில் விழுந்தால் அளவு அதிகம். வகுப்புப் பெற்றோர் சிலர் சேர்ந்து கொப்பிகளோடு பகுதித் தலைவரிடம் பேசலாம். உங்கள் பிள்ளைக்கு மட்டும் எப்போதும் பாதியிலேயே விழுந்தால் அளவைக் குறைப்பது மட்டும் தீர்வல்ல. பலகையிலிருந்து பார்த்தெழுதியதில் எழுத்து விடுபட்டிருக்கிறதா, கொப்பியை மூக்கருகே பிடிக்கிறதா, கூப்பிட்டால் ஒரு பக்கம் திரும்பித்தான் கேட்கிறதா என்று கவனியுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4 ஆம் தரங்களில் நடக்கும். 2 அல்லது 3 ஆம் தரத்தில் சந்தேகம் வந்தால் அதற்காகக் காத்திராமல் பொது வைத்தியசாலையின் கண் பிரிவுக்கோ காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். போகும்போது கோடு போட்ட கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.